உடம்பு முடியாமல் விட்ட வேலை: நேர்காணலில் நாமே செய்துகொள்ளும் தவறுகள்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து 14 மாதம் வீட்டில் இருந்தேன். அப்புறம் சிங்கப்பூரில் ஊபி வட்டாரத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். "இந்த இடைவெளி எதனால்?" என்று கேட்டார் எச்ஆர் அம்மா. எந்த எலும்புக்கு நடுவில் டிஸ்க் நழுவியது என்பதில் ஆரம்பித்து, ஸ்கேன், ஊசி, இரண்டாவது டாக்டர் சொன்னது, பிசியோவுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போன கஷ்டம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். முதல் நிமிடத்திலேயே அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இனிமேல் இந்த ஆள் ஒழுங்காக வேலைக்கு வருவாரா? என் ஐந்து நிமிடப் பேச்சில் அதற்குப் பதிலே இல்லை.

அளவுக்கு மீறிச் சொல்வதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. ஒரு நாள் காய்ச்சலுக்கே எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) காட்டிப் பழகியவர்கள் நாம். 14 மாதத்துக்கு ஒரு ஃபைலையே காட்ட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. தேவையில்லை. "உடல்நலக் காரணத்தால் வேலையை விட்டேன். சிகிச்சை முடிந்துவிட்டது. மே மாதத்திலிருந்து முழுநேர வேலை செய்ய முடிகிறது." இவ்வளவு போதும். சொல்லிவிட்டு உடனே அந்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். இன்னொன்று: வீட்டில் தமிழில் யோசித்து வைத்துவிட்டு அங்கே போய் ஆங்கிலத்தில் தேடினால், தடுமாற்றம் பொய்போலக் கேட்கும். சொல்லப்போகும் மொழியிலேயே நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, தேதியில் கை வைப்பது. பழைய வேலையை ஆறு மாதம் இழுத்து எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். இந்த ஊரில் தெரியும். சம்பளம் பேசும் கட்டத்தில் பல நிறுவனங்கள் பேஸ்லிப்பையோ மத்திய சேமநிதிச் சந்தா விவரத்தையோ கேட்கும். சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) நுழைந்து நீங்களே இறக்கித் தரும் அந்தத் தாளில், எந்த மாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்று வரிசையாக இருக்கும். கட்டாத மாதமும் தெரியும். "சொந்தமாக பிசினஸ் செய்தேன்" என்பதும் அப்படித்தான். பதிவுசெய்த வணிகமா என்று எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். வேலை அனுமதியில் வருகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ரெஸ்யூமேயில் அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். "உடல்நல இடைவெளி, முழுமையாகக் குணமடைந்தாயிற்று" என்று ஆண்டோடு ஒரு வரி எழுதுங்கள். அந்த நாள்களில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டம்) பயிற்சி ஏதும் முடித்திருந்தால் அடுத்த வரியில் அது. முடிக்காவிட்டால் பரவாயில்லை, படுக்கையில் கிடந்தவரிடம் சான்றிதழ் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பணக் கஷ்டத்தில், உடம்பு ஆறுவதற்கு முன்பே விண்ணப்பங்களை அள்ளி வீசுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், நோயாலோ காயத்தாலோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களும் சேரலாம். சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கக் கூடாது, வேறு நிபந்தனைகளும் உண்டு. தகுதி இருந்தால் 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் அமைப்பான டேஃபெப் 2020-லேயே முதலாளிகளிடம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உடற்குறையும் மனநலப் பிரச்சினையும் இருக்கின்றன. ஆனால் எல்லா நோயும் அதில் இல்லை. 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்து முதல் 5 ஆண்டுகள் விலக்கும் உண்டு. "சட்டம் இருக்கிறது, நீங்கள் கேட்கவே கூடாது" என்று நேர்காணலில் விறைப்பது என்னைக் கேட்டால் வீண். கேள்வி எல்லை மீறினால், "டாக்டர் வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க வேண்டுமானால் பிறகு கொடுக்கலாம்.

பலர் குழம்புவது இங்கேதான்: சொல்லாமல் இருப்பது வேறு, கேட்டதற்குப் பொய் சொல்வது வேறு. நேர்காணலில் நோயின் பெயரைச் சொல்லாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வேலை கிடைத்தபின் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கிளினிக்கில் ஒரு படிவம் நீட்டுவார்கள்: அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கட்டம் கட்டமாக இருக்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், ஒரு வருடம் கழித்துக்கூட அந்தக் கையெழுத்தைக் காட்டி வேலையிலிருந்து நீக்க முடியும். உண்மையை எழுதினால், அந்த வேலைக்கு அது இடைஞ்சலா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வேலையைப் பாதிக்கும் வரம்பு ஏதாவது இருந்தால் மட்டும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இரவு ஷிஃப்ட் முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதி நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதுபோல. வேலை உறுதியானதும், கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்வதுதான் சரியான நேரம். கிலோ, மணி, நாள் என்று கணக்காகச் சொல்லுங்கள். "கொஞ்சம் கஷ்டம்" என்றால் எதிரில் இருப்பவர் ரொம்பக் கஷ்டம் என்றே எடுத்துக்கொள்வார்.

இப்போது இருக்கும் வேலைக்கு என்னை எடுத்த சூப்பர்வைசர் பஞ்சாபிக்காரர். நான் மூன்று வாக்கியத்தில் முடித்ததும், "பெட்டி தூக்குவியா?" என்றார்.

"பத்துக் கிலோ வரைக்கும். அதுக்கு மேல டிராலி வேணும்."

"டிராலி இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.