பங்குக் கோயிலில் ஒரு பீரோ நூலகம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில், முன்பும் நூலகம் இருந்தது, பூட்டிய பீரோவாக. சாவி, சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் இருக்கும், இல்லையென்றால் சாமியார் வீட்டு மேசையில் கிடக்கும். போய்க் கேட்கக் கூச்சப்பட்டே யாரும் புத்தகம் எடுத்ததில்லை. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியாக வைத்தார். அந்த பீரோவைத் திறந்து வைத்த பிறகுதான் எங்களுக்கு அது புரிந்தது. உங்கள் பங்கிலும் தொடங்க நினைத்தால், நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நேரம், அப்புறம் இடம்

பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிலும் அறை வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு பீரோவும், ஞாயிறு பூசை முடிந்து அரை மணி நேரமும் கேளுங்கள். ஆட்கள் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு அருகிலேயே பீரோ இருக்கட்டும். மாடியில் வைத்தால் முழங்கால் வலி உள்ளவர்கள் வரவே மாட்டார்கள், அவர்கள்தான் அதிகம் படிப்பவர்கள். பொறுப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் பீரோ திறக்க வேண்டும்.

புத்தகம் சேர்ப்பது

பூசையில் ஒரு அறிவிப்பு, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் ஒரு நினைவூட்டல். அது போதும், பை பையாக வரும். கிழிந்தவை, பள்ளிக்கூட கைடுகள், ஒரே நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்) புத்தகத்தின் பத்துப் பிரதிகள் எல்லாம் கலந்துதான் வரும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு பிரதி வைத்துக்கொண்டு மீதியைக் கிளைக் கிராமச் சிற்றாலயங்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படி வந்து சேரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு பழைய ஜெபப் புத்தகத்தின் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலால் ஆறு பிள்ளைகளின் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் எழுதியிருந்தது. நான்காவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. நடுவில் காய்ந்த குருத்தோலைத் துண்டு ஒன்று, வைத்த பக்கத்தில் பழுப்புக் கோடாகப் பதிந்திருந்தது. அது நூலகத்தில் இருக்க வேண்டிய புத்தகம் இல்லை. கொடுத்த வீட்டிலேயே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரன் வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க அப்பத்தா கையெழுத்து” என்றார்.

சேர்க்கைப் பதிவேடு

இதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போடுங்கள்: சேர்க்கை எண், தேதி, புத்தகத்தின் பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, விலை, கொடுத்தவர், குறிப்பு. முதல் புத்தகத்துக்கு 1. ஒரு புத்தகம் தொலைந்தால் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. குறிப்பில் ‘தொலைந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

பங்கின் பெயரோடு ரப்பர் ஸ்டாம்பு செய்து தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் குத்துங்கள். கூடவே எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில், உதாரணமாக 27-இல், ஸ்டாம்பு குத்தி எண்ணையும் எழுதுங்கள். நூலகங்களில் இதை ரகசியப் பக்கம் என்பார்கள். முன் அட்டை கிழிந்து போனாலும் புத்தகம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

அடுக்குவது

பெரிய நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும், 1876-இல் வந்த டூயி தசம முறைப்படி சமயத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள், அதில் விவிலியத்துக்கு 220. முந்நூறு புத்தகத்துக்கு அது தேவையில்லை. புத்தகத்தின் முதுகில் வண்ண டேப் ஒட்டினால் போதும். விவிலியமும் விளக்கமும் சிவப்பு, புனிதர் வரலாறு பச்சை, ஜெபம் நீலம், சிறுவர் மஞ்சள், கதையும் பொது அறிவும் வெள்ளை. சிறுவர் புத்தகங்களை அடித்தட்டில் வையுங்கள், மறைக்கல்விப் பிள்ளைகள் தாங்களே எடுக்கட்டும்.

ஒரு தட்டை மட்டும் ‘நம்ம ஊர்’ என்று தனியாக ஒதுக்கச் சொல்வேன். ஓரியூரில் 1693-இல் உயிர்நீத்த புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) பற்றிய சிறு நூல்கள், 1987-இல் உருவான நம் சிவகங்கை மறைமாவட்டத்தின் வெளியீடுகள், கோயில் திருவிழா மலர்கள், ஜூபிலி மலர்கள், குருப்பட்ட அழைப்பிதழ்கள். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் கழித்துப் போட்ட நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடப் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. உங்கள் பங்கின் விழா மலர் உங்களிடம் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? இந்தத் தட்டிலிருந்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும்.

கொடுத்து வாங்குவது

ஒருவருக்கு இரண்டு புத்தகம், இரண்டு வாரம். இஷ்யூ நோட்டு என்று இன்னொரு நோட்டில் தேதி, பெயர், அன்பியம், சேர்க்கை எண், திருப்பித் தந்த தேதி. அபராதம் வேண்டாம். பத்து ரூபாய்க்குப் பயந்து புத்தகத்தையும் தராமல், பீரோ பக்கமே வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பியத்தின் பெயர் நோட்டில் இருந்தால் அந்த அன்பியப் பொறுப்பாளரே அன்பாகக் கேட்டு வாங்கி வந்துவிடுவார்.

கரையான், பூச்சி, ஈரம்

முதல் வருடம் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் சுவரிலிருந்து மண் கோடு ஏறிப் பின்பக்க இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது. மேலே பார்த்தால் புத்தகம் அப்படியே இருந்தது. எடுத்தால் அட்டை மட்டும் கையில் வந்தது. பதினெட்டுப் புத்தகம் போச்சு. அதனால் சுவருக்கும் பீரோவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள், காற்று போகட்டும். ஈரமானால் வெயிலில் போடாமல் நிழலில் மின்விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் சில வருடங்களில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் கொஞ்சம் பசையும் நல்லது.

வருடக் கணக்கு

மே மாத விடுமுறையில் பூசையில் உதவும் பீடச் சிறுவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டால் ஒரே காலையில் முடிந்துவிடும். ஒருவர் பதிவேட்டிலிருந்து எண்ணை வாசிக்க, மற்றவர்கள் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். இருந்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் இஷ்யூ நோட்டில் பார்க்க வேண்டும். எங்கள் பையன்கள் தேடி எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்துவிடுவதால், போன மே மாதம் எங்களுக்கு மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.