பழைய மரமும் பித்தளையும்: தோப்பு வீட்டை அலங்கரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இப்போது சிறு சிறு ஓட்டு வீடுகள் எழுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்கள், தாத்தா விட்டுச் சென்ற நிலத்தில் இரண்டு அறையும் ஒரு திண்ணையுமாகக் கட்டிக்கொண்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கியவற்றையும் பூர்வீக வீட்டுப் பரணிலிருந்து இறக்கியவற்றையும் கொண்டு அதை நிரப்புகிறார்கள். இடிக்கப்படும் வீடுகளிலிருந்து கதவு, தூண், உத்தரம் ஆகியவற்றை எடுத்துப் பொருத்தித் தருவது என் தொழில். ஆனால் வீட்டுக்காரர்களில் பலர் வேலை பாதி முடிந்த பிறகு, அதாவது தவறு முழுதும் முடிந்த பிறகுதான் என்னை அழைக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். விலை பேசி வாங்குங்கள், கரையான் அரித்ததை வாங்காதீர்கள் என்பன போன்ற, யாவரும் அறிந்த அறிவுரைகளை விட்டுவிடுகிறேன்.

நிலையின் பருமனைப் பாராமல் வாங்குவது

கடையில் நிற்கும் நிலைக்கதவின் உயரத்தையும் அகலத்தையும் எல்லோரும் அளக்கிறார்கள். நிலையின் பருமனை யாரும் அளப்பதில்லை. பழைய செட்டிநாட்டு வாசல் நிலைகள் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குக் குறையாத சுவருக்கென்று செய்யப்பட்டவை. நாம் கட்டுவதோ 9 அங்குலச் சுவர். வீட்டுக்கு வந்த நிலை சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்போது, பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். அறுத்துவிட்டால் கதவைத் தாங்கும் உடம்பே போய்விடும். நிலையை முதலில் வாங்கி, அதற்கு ஏற்றபடி வாசல் சுவரை மட்டும் பருமனாகக் கட்டிக்கொள்வதே சரியான வழி.

இதனோடு சேர்ந்தே நிகழும் இன்னொரு பிழை, குடுமியை வெட்டுவது. பழைய கதவுகள் கீலில் ஆடுபவை அல்ல. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி, நிலையில் உள்ள குழியில் அமர்ந்து சுழலும். கதவின் எடை முழுவதும் கீழ்க்குடுமியின் வழியாக நேரே படிக்கு இறங்குகிறது. குடுமியை அறுத்துவிட்டுக் கீல் பொருத்தினால், அதே எடையைச் சில திருகாணிகள் பக்கவாட்டில் சுமக்க வேண்டியதாகிறது. சில மாதங்களில் கதவு தொங்கிப் படியில் உரசத் தொடங்கும். குடுமி தேய்ந்திருந்தால் அடியில் பித்தளைக் குப்பி மாட்டித் தரும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

சுரண்டிப் புதிதாக்குவது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான். பழைய பொருளைப் பழையது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த மறுநாளே அதைப் புதிதாக்கப் புறப்படும் மனநிலையை இத்தனை காலமாகியும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பெரியப்பாவின் வீட்டை இடித்தபோது ஒரு தேக்குப் பெட்டகமும் இரண்டு இணைக் கதவுகளும் பங்காக வந்தன. பர்மா தேக்கு, கையால் இழைத்த பலகைகள், சாய்வாக ஒளி விழும்போது இழைப்புளி ஓடிய மெல்லிய அலைகள் தெரியும். பெட்டகத்தின் மூடியில், திறக்கும் கை படும் இடம் மட்டும் கருத்துப் பளிங்குபோல் வழுவழுத்திருந்தது. அவர்கள் அவற்றை நகரத்துப் பாலிஷ் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார்கள். பட்டறையில் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்து, இயந்திரத்தால் உப்புத்தாள் தேய்த்து, மேலே மெலமைன் அடித்துத் திருப்பித் தந்தார்கள். பார்ப்பதற்கு நேற்று ஷோரூமில் வாங்கிய கட்டில் நிறம். வீட்டுக்காரர் மிகவும் மகிழ்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஐப்பசி மழையோடு மகிழ்ச்சி தீர்ந்தது. காஸ்டிக் சோடா பழைய வண்ணத்தை மட்டும் கரைப்பதில்லை. தேக்கின் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் இழுத்துவிடுகிறது, மர நாரை நிமிர்த்திச் சொரசொரப்பாக்குகிறது, மூட்டுகளை ஒட்டியிருக்கும் பழைய வச்சிரப் பசையை இளக்குகிறது. மரம் குடித்த காரத்தை முழுதும் கழுவி எடுக்காவிட்டால், காற்றில் ஈரம் ஏறும்போது அது வெண்மையாகப் பூத்து வெளியே வரும். மேலே இருப்பது மெலமைன் போன்ற இறுகிய பூச்சாக இருந்தால் அதையும் தள்ளிக்கொண்டு வரும். பெட்டகத்தின் மேல்பூச்சு திட்டுத் திட்டாக உரிந்தது. பக்கப் பலகை ஒன்று மூட்டிலிருந்து விலகியது. கதவுகளில் செதுக்கியிருந்த கொடிகளின் விளிம்பு உப்புத்தாளில் மழுங்கிப்போய், இலை எது, மொட்டு எது என்று தெரியாமல் ஆகியிருந்தது. இதற்கு அவர்கள் கொடுத்த கூலி, அந்த இரண்டு கதவுகளையும் கடையில் விலைக்கு வாங்கும் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். சரிசெய்ய முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். மூட்டைச் சரிசெய்யலாம். நூறாண்டு கை பட்டு உண்டான வழுவழுப்பை எந்தப் பட்டறையும் திருப்பித் தராது.

சுரண்டுவதில் உடல்நலக் கேடும் உண்டு. பழைய கதவு, சன்னல்களில் பச்சையும் நீலமுமாகப் படிந்திருக்கும் எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) எனக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல்தான் வந்தன. அடுத்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அதற்கு முன் பூசப்பட்ட எந்த வண்ணத்தையும் ஐயத்தோடு அணுகுவதே நல்லது. அத்தகைய கதவைத் திண்ணையில் வைத்து உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தரையிலும் துணியிலும் படிந்து, அங்கே தவழும் குழந்தையின் வாய்க்குத்தான் முதலில் போகும். உதிராமல் பிடித்திருக்கும் வண்ணத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பல தலைமுறை வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் சன்னலின் அழகு தனி. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து, வீட்டைவிட்டுத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்கலாம். மிகக் குறைவாகச் செய்ய வேண்டும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, லேசான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் முழுதும் உலரவிட வேண்டும். பிறகு காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மரம் குடிக்காத மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுக்காகி ஊரின் தூசி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் இடைவெளி விட்டு இன்னொரு பூச்சு; இறுதியில், விரும்பினால், தேன்மெழுகு. அவ்வளவே. ஒரே ஓர் எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளியிடுகிறது, எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மரத்துக்குச் சொன்னது பித்தளைக்கும் பொருந்தும், அங்கே இழப்பு இன்னும் கொடியது. நம் வீட்டுக் குடங்கள், அண்டாக்கள், தூக்குகள் ஆகியவற்றின் விளிம்பில் யாருடைய சீர் என்பதைச் சொல்லும் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். பஃபிங் சக்கரம் அழுக்கை எடுப்பதோடு உலோகத்தின் மேற்பரப்பையும் சீவுகிறது. ஒரு பெண்மணி தம் பாட்டியின் பானையைப் பளபளப்பாக்கக் கொடுத்துவிட்டு, அது கண்ணாடிபோல் மின்னித் திரும்பி வந்த பிறகு பெயர் எங்கே என்று என் முன்னால் தடவித் தேடினார். அந்த வீட்டில் பாட்டியின் கையெழுத்தோ புகைப்படமோ எதுவும் இல்லை. அந்த எழுத்துகள் மட்டுமே இருந்தன. புளியும் சாம்பலும் போதும். வெட்டெழுத்துகளின் மேல் அதையும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். பளபளப்பு நிலைக்க வேண்டும் என்று நிறமற்ற லாக்கர் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஓரிடத்தில் உரிந்ததும் அங்கே மட்டும் கறுக்கும், பிறகு முழுவதையும் தின்னரால் எடுப்பது தனி வேலை.

உளுத்த மரத்தை நேரே உள்ளே கொண்டுவருவது

கரையானைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உளுப்பூச்சியைக் கவனிப்பதில்லை. பர்மா தேக்கின் நடுவே கெட்டியாக இருக்கும் வைரப் பகுதியை அது தொடுவது அரிது. அதே தேக்கின் வெளிர்ந்த ஓரப் பகுதியையும், மாம்பலகை முக்காலிகளையும் விரும்பித் தின்னும். ஓட்டைகள் இருப்பது மட்டும் ஆபத்தல்ல, பூச்சி எப்போதோ வெளியேறிப் போயிருக்கலாம். புதிய பொருளைச் சில வாரங்கள் கொட்டகையில் கருந்துணியின்மேல் நிறுத்தி வையுங்கள். மாவு போன்ற தூள் துணியில் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து வைத்து, தூள் நின்ற பிறகே வீட்டுக்குள் கொண்டு செல்லலாம். உங்கள் கூரை வாரைகளும் மரம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பல ஆலை ஓடுகளைக் கலப்பது

பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலையைத் தொடங்கிய பிறகு, அதே வடிவத்தைப் பல ஆலைகள் செய்தன. அடிப்புறத்தில் முத்திரை இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றினாலும் ஆலைக்கு ஆலை அச்சின் அளவில் சிறு வேறுபாடு உண்டு. ஒன்றின் வரம்பு மற்றொன்றின் பள்ளத்தில் சரியாக அமராது, அந்த இடைவெளியில் மழை இறங்கும். ஒரு சரிவு முழுவதையும் ஒரே முத்திரை ஓட்டால் வேயுங்கள். மிஞ்சியவற்றைக் கொண்டு கோழிக்கூட்டுக்கும் மதில் தலைக்கும் வேயலாம்.

ஊஞ்சலை வாரையில் மாட்டுவது

தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் சேர்ந்தால் அதுவே கனம். அதில் இருவர் அமர்ந்து ஆடும்போது கொக்கியின்மேல் விழும் இழுவை அவர்களுடைய எடையைவிட அதிகம். ஊஞ்சலுக்கென்று இரு சுவர்களிலும் ஊன்றிய தனி உத்தரம் வேண்டும். கொக்கி அதைத் துளைத்து மறுபுறம் மரையாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படங்களை ஈரச் சுவரில் மாட்டுவது

ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளில் ஏராளம். சிலவற்றில் தெய்வங்களுக்குச் சரிகைத் துணியும் சம்கியும் ஒட்டி உடுத்தியிருப்பார்கள். அதை அழுக்கென்று எடுத்துவிடாதீர்கள். இவை காகிதம். மழைச்சாரல் அடிக்கும் சுவரிலும் மாலை வெயில் நேராக விழும் சுவரிலும் மாட்டக் கூடாது. கண்ணாடி படத்தின்மேல் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவே சிறு இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள்; பின்புறம் சுவரில் படாமலிருக்க இரண்டு மரக்கட்டைத் துண்டுகள் போதும்.

பெல்ஜியம் கண்ணாடிக்குப் புது ரசம் பூசுவது

கரும்புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும். மிகப் பழைய கண்ணாடிகளின் பின்பூச்சில் பாதரசம் இருக்கும் என்பதால் சுரண்டவும் கூடாது.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சிலை வாங்குவது

கோயில் வாகனம், கல் துவாரபாலகர், பஞ்சலோகச் சிலை என எதையாவது குறைந்த விலைக்கு ஒருவர் தோப்புக்கே கொண்டுவந்து காட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிற்பம், ஓவியம் முதலியவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றுள் அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லவும் முடியாது. சிங்கப்பூர் மருமகனுக்குச் செதுக்கிய தூண் ஒன்றை அனுப்ப ஆசைப்படுவோருக்கும் இது பொருந்தக்கூடும். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடமிருந்து முதலில் பெற வேண்டும். 1983 முதல் தமிழ்நாடு காவல்துறையில் சிலைக் கடத்தலுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். எந்த வீட்டிலிருந்து வந்த கதவு என்பதை அதில் எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

உறவினரைக் கேட்காமல் எடுப்பது

பரணிலிருந்து நீங்கள் இறக்கிய, நெல் அளக்கும் மரக்கால், அத்தைக்கு வாக்களிக்கப்பட்டதாக இருக்கும். லாரி ஏற்றுவதற்கு முன்பே பட்டியலிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஆட்டுக்கல்லில் தண்ணீர் நிற்க விடுவது

முற்றத்தில் வரிசையாக வைத்த ஆட்டுக்கல்லும் உரலும் மழைக்குப் பின் டெங்குக் கொசுவின் தொட்டில்கள். குழியை மணலால் நிரப்புங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள்.

உள்ளே பூசிய வெள்ளீயம் போன பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைப்பது

வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் வைப்பது

பன்னிரண்டடி அறையில் பெட்டகமும் கணக்குப்பிள்ளை மேசையும் நிலைக்கண்ணாடியும் நான்கு தூண்களும் சேர்ந்தால் அது கடையின் கிடங்கு. அறைக்கு ஒரு பெரிய பொருள் போதும். மற்றவை வெள்ளையடித்த சுவரோடு தனித்திருக்கட்டும், அல்லது பெட்டகத்துக்குள் இருக்கட்டும்.

பழைய சுவிட்சுகளுக்கு மின்னிணைப்புக் கொடுப்பது

பித்தளை மூடியிட்ட வட்டச் சுவிட்சுகளையும் துணி சுற்றிய கம்பிகளையும் அழகுக்காகச் சுவரில் பதிக்கலாம். மின்சாரம் அவற்றின் வழியாக ஓடக் கூடாது.