பால் பஞ்ச்: திரிய வேண்டிய பாலைத் திரியவிடுங்கள்

காய்ச்சும் பால் திரிந்துவிட்டால் நம் வீடுகளில் அன்றைய காலைப்பொழுதே கெட்டுப்போகும். பால் பஞ்சில் பால் திரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பிராந்தி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஜாதிக்காய் எல்லாம் கலந்து, பால் சேர்த்துத் திரியவைத்து, தெளிவாக வடித்தெடுக்கும் பழைய ஆங்கிலேயப் பானம் இது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1763-இல் நண்பர் ஜேம்ஸ் பௌடாயினுக்கு இதன் செய்முறையை எழுதி அனுப்பினார்.

எலுமிச்சையைக் குறைப்பதுதான் முதல் தவறு. புளிப்பு பட்டால்தான் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கட்டியாகும். மதுவின் கசப்பையும் துவர்ப்பையும் பிடித்துக்கொள்வது அந்தக் கட்டிகள்தான். புளிப்பு போதாவிட்டால் பானம் கடைசிவரை கலங்கலாகவே நிற்கும்.

தோலைச் சீவும்போது அடியிலுள்ள வெள்ளைப் பகுதி வரக்கூடாது, கசக்கும். 44 எலுமிச்சைத் தோலை மிக மெல்லிதாகச் சீவி 24 மணி நேரம் பிராந்தியில் ஊறவைக்கச் சொல்கிறார் பிராங்க்ளின்.

அவர் சூடான பாலைப் பானத்தில் ஊற்றிக் கலக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் பால் சட்டென்று பொடிப்பொடியாகத் திரிந்துவிடும். பானத்தைப் பாலில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள், கட்டிகள் பெரிதாக வரும், வடிப்பதும் எளிது. ஊற்றியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொன்ன இரண்டு மணி நேரம் காத்திருங்கள்.

அதிகம் பேர் கெடுத்துக்கொள்வது வடிக்கும்போதுதான். பனீருக்குப் பிழிகிற பழக்கத்தில் துணியை முறுக்கிவிடுகிறார்கள். அந்தக் கணமே உடைந்த கட்டிகள் கீழே இறங்கிவிடும். இங்கே உண்மையான வடிகட்டி, துணிமேல் படியும் கட்டிகள்தான். முதலில் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்து இறங்கும். சரி, அதைக் கீழே கொட்ட வேண்டாம். படிந்த கட்டிகள் கலையாமல், துணியின் ஓரமாக மெல்லத் திரும்ப ஊற்றுங்கள். அப்புறம் சொட்டுச் சொட்டாக, வெளிர்மஞ்சளாக, கண்ணாடிபோல் விழும். ராத்திரி முழுக்க ஆனாலும் ஆகட்டும். அந்தத் தெளிவைப் பார்க்கத்தானே இவ்வளவும்!

வடித்ததைக் குளிர்பெட்டியில் வையுங்கள். பார்க்கப் பால்போல் இல்லையே என்று பால் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலின் சர்க்கரையும் கட்டியாகாத புரதமும் அந்தத் தெளிவில் அப்படியே இருக்கின்றன. பால் சேர்ந்தது என்று சொல்லிவிட்டே கோப்பையை நீட்டுங்கள்.