தெருநாய்க்கு யாராவது விஷம் வைத்தால் புகார் கொடுப்பது எப்படி?

போன தை மாதம் எங்கள் தெருக் கருப்பி முருங்கை மரத்தடியில் செத்துக் கிடந்தாள். வாயெல்லாம் நுரை. பக்கத்தில் பிரிந்து கிடந்த கோழிக்குடல் பொட்டலத்தில் குருணை மருந்து ஒட்டியிருந்தது. மனசு கேட்காமல் அன்று சாயங்காலமே பால் ஊற்றிப் புதைத்துவிட்டோம். மறுநாள் ஸ்டேஷனில், "விஷம்தான்னு எதை வச்சும்மா சொல்றீங்க?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் முதலில் சொல்கிறேன், புதைக்காதீர்கள்.

உடலை நிழலில் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டிகளை அடுக்குங்கள். பொட்டலத்தை வெறுங்கையால் தொடவே கூடாது. கிடந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். அப்புறம் தெரு முழுக்கத் தேடுங்கள், விஷம் வைப்பவர்கள் ஒரு பொட்டலத்தோடு நிறுத்துவதில்லை. போலீஸ் வரும்வரை குழந்தைகளும் மற்ற நாய்களும் நெருங்காமல் ஒருவர் காவல் நிற்கட்டும்.

புகாரில் எந்தப் பிரிவை எழுதுகிறோம் என்பது முக்கியம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எழுதினால், முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். கருப்பியின் உயிருக்கு 50 ரூபாயா? என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆகவே பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325-வது பிரிவை முதலில் எழுதுங்கள். எந்த விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், முடமாக்கினாலும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 428-வது பிரிவில் அந்த விலங்கு 10 ரூபாயாவது பெற வேண்டும் என்று இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்த விலைக்கணக்கு இல்லை. ஆனாலும் இந்தப் பிரிவு இன்னமும் சொத்துக் குற்றங்களோடுதான் இருக்கிறது. 2023 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலும் விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனிதருக்கு இருப்பதுபோல் அவற்றுக்கும் சட்ட உரிமை வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதுவரை அந்த வாயில்லா ஜீவனுக்காக நாம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள். யார்மேலாவது சந்தேகம் இருந்தால், சந்தேகம் என்றே எழுதுங்கள். அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்து, உள்ளுறுப்பு மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அதே மனுவில் கேளுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள், அங்கே கேட்பார்கள்.