சர்ஃபிங்: எழுந்து நிற்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ சர்ஃபிங் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்போது எழுந்து நிற்கலாம்?" என்பதுதான். அது பலருக்கும் முதல் நாளே கைகூடிவிடும். பயிற்றுநர் போர்டைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், நுரை அலை கரைவரை கொண்டுவந்து சேர்க்கும். அவர் கையை எடுத்த பிறகு, அலையை எட்டிப் பிடிக்கும் வேகத்தை நாமேதான் உண்டாக்க வேண்டும். சர்ஃபர்களின் நேரத்தை அளந்து பார்த்த ஆய்வுகளின்படி, கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி பேடில் செய்வதிலேயே, அதாவது போர்டில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவி முன்னேறுவதிலேயே, போகிறது. அலைமேல் நிற்பது 10 சதவீதத்துக்கும் குறைவு. தவறான பயிற்சிகள் பலவும் இதை மறப்பதால் வருகின்றன.

ஜிம்மில் மார்பையும் கையையும் மட்டும் ஏற்றுவது அப்படி ஒன்று. பேடில் செய்ய முதுகும் தோளின் பின்பக்கமும்தான் உழைக்கின்றன. குப்புறப் படுத்து மார்பை உயர்த்தியே வைத்திருப்பதால் இடுப்புக்கு மேலே உள்ள தசைகளுக்கு ஓய்வே கிடையாது. புல்-அப், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சிகளோடு, குப்புறப் படுத்து உடலை உயர்த்தும் சலபாசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவில்லாத பயிற்சி, நேராகக் கடலில் பலன் தெரியும்.

பலம் இருந்தும் அலை கைநழுவுகிறதா? படுக்கும் இடத்தைக் கவனியுங்கள். பின்னால் தள்ளிப் படுத்தால் போர்டின் நுனி வானத்தைப் பார்க்கும், நீங்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். முன்னால் போனால் நுனி மூழ்கித் தலைகுப்புற விழுவீர்கள். நுனி தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்பது நல்ல அளவு. அப்புறம், அலை தூக்கியதுமே பலர் கைவீச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நொடியில்தான் இன்னும் இரண்டு மூன்று வீச்சு அழுத்திப் போட வேண்டும்.

எழும்போது போர்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்காதீர்கள், போர்டு சாய்ந்துவிடும். உள்ளங்கை இரண்டும் விலா எலும்புக்கு நேராகத் தட்டையாக ஊன்றட்டும். முழங்கால் போட்டு எழும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம். வீட்டில் பாயில் பழகுங்கள், களைத்த நிலையிலும் பழகுங்கள், ஏனென்றால் கடலில் களைத்துத்தான் இருப்போம். பார்வை காலில் இருக்கக் கூடாது, போக வேண்டிய பக்கம் இருக்க வேண்டும்.

சீக்கிரமே சின்ன போர்டுக்கு மாறுவதும் வளர்ச்சியைக் கெடுக்கும். 8, 9 அடி ஃபோம் போர்டில் உடையாத அலையை நீங்களே பிடித்து, இரண்டு பக்கமும் திரும்பத் தெரியும்வரை பொறுங்கள். மிதப்பு குறைந்தால் பிடிக்கும் அலையும் குறையும். அலை பிடிக்காமல் கற்பதற்கு என்ன இருக்கிறது?

இதையெல்லாம்விட ஆபத்தானது, வந்ததும் வராததுமாகத் தண்ணீரில் இறங்குவது. பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். புதியவர்கள் அங்கேதான் போய் இறங்குகிறார்கள். சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், போர்டை விடாமல், கரைக்கு இணையாக விலகி, பிறகு திரும்புங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பழகாதவர்கள் இறங்கவே வேண்டாம்.

விழுந்தால் ஆழம் குறைவாக இருக்கும் என்றே எண்ணித் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். காலில் கட்டிய கயிறு இழுபட்டு போர்டு உங்கள் பக்கமே பாய்ந்து வரும்.