மச்சானோடு பந்தயம் கட்டுவதற்கு முன்: அமெரிக்காவில் ஒரு இளசு ஜனாதிபதி ஆகுமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி

2024 நவம்பரில் பந்தயத்தில் தோற்றுப் பத்துப் பேருக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் துளசேந்திரபுரம், அங்கே கோயிலில் அவருக்காகப் பூசை நடக்கிறது, போனைத் திறந்தால் அவருடைய கூட்டம்தான், பிறகென்ன என்று ஹட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றுகொண்டு அடித்துச் சொன்னேன். ட்ரம்புக்கு 312 புள்ளி, ஹாரிஸுக்கு 226 (அது என்ன புள்ளி என்று பின்னால் சொல்கிறேன்). எனக்கு பில்.

இப்போது மச்சான் அடுத்த ஆளைக் கொண்டு வந்திருக்கிறான். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், சுருக்கமாக ஏஓசி, ஹாரிஸின் ஜனநாயகக் கட்சிதான். மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த பெண், 29 வயதில் நியூயோர்க்கிலிருந்து காங்கிரசுக்குப் போனவர். (காங்கிரஸ் என்றதும் நம் ஆட்களுக்கு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொண்டமான் ஐயா ஞாபகம் வரும். இது அங்கத்தைய பாராளுமன்றம்.) போய் ஆறேழு வருடம் ஆகிவிட்டது, புதுமுகம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். ட்ரம்ப் இரண்டாம் தடவை பதவியேற்கும்போது 78 வயது, பைடன் இறங்கும்போது 82. அந்தக் கூட்டத்தில் இவர் பச்சைப் பிள்ளைதான். "2028ல இவதான் பாரு" என்று மச்சான் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான். இந்தத் தடவை நான் உடனே கை கொடுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு மச்சான் இருந்தால், எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் யார் வந்தால் நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அங்கே ஒரு மனுசன் பலகையைத் தூக்கிக் காட்டினார், ஓகஸ்டில் அது 20 ஆகக் குறைந்தது. இடையில் இருந்த நாலு மாதமும் கட்டுநாயக்காவில் தையல் மெசினில் உட்கார்ந்திருக்கும் நம் லயத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது ஆளுடைய பேச்சை அல்ல, காகிதத்தை. அரசியலமைப்பு மூன்று கேட்கிறது: வயது 35 ஆகியிருக்க வேண்டும், 14 வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும், பிறப்பாலேயே அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். ஏஓசி பிறந்தது 1989 ஒக்டோபர் 13, நியூயோர்க்கின் பிரொங்ஸில். 2024லேயே 35 ஆகிவிட்டது. அம்மா புவர்ட்டோ ரிக்கோக்காரி என்பதால் சிலர் கிளப்பிவிடுவார்கள், அதில் விஷயம் இல்லை, புவர்ட்டோ ரிக்கோவில் பிறந்தாலும் அமெரிக்கப் பிரஜைதான். ஆனால் மச்சானின் இன்னொரு ஹீரோ சோரான் மம்தானி, 2025 நவம்பரில் நியூயோர்க் மேயராக வென்றவர், இந்த இடத்திலேயே வெளியே போய்விடுகிறார். பிறந்தது உகண்டாவின் கம்பாலாவில், பிரஜாவுரிமை எடுத்தது 2018ல். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஜனாதிபதி நாற்காலி அவருக்குக் கிடையாது. மற்ற நாட்டுக்காரனுக்கு இதை விளக்குவது கஷ்டம், மலையகத்தானுக்கு ஒரு நிமிடம் போதும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பரம்பரைப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற இரண்டு சொல்லும் நம் வீட்டுப் பெட்டிகளில் கடதாசியாகவே கிடந்தன அல்லவா.

இரண்டாவது கட்டம்தான் நம் ஆட்கள் தவறவிடுவது. இங்கே வேட்புமனு வேண்டுமானால் தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது கடைசி இரவு வரை அவர் கையில். அங்கே அப்படியில்லை, கட்சி வேட்பாளர் யார் என்பதை ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிக்கு வாக்களிக்கும் சனமே ஒரு முன்தேர்தல் வைத்துத் தீர்மானிக்கிறது. ஏஓசி உள்ளே வந்ததே அந்தக் கதவால்தான். 2018 ஜூனில் அவர் தோற்கடித்தது எதிர்க்கட்சிக்காரரை அல்ல, சொந்தக் கட்சியின் ஜோ குரௌலியை. பத்துத் தடவை வென்றவர், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் பெரிய தலைகளில் ஒருவர். அன்று விழுந்த வாக்கு மொத்தமே சுமார் முப்பதாயிரம். நம் கணக்கில் சொன்னால் நாலைந்து பெரிய தோட்டத்துச் சனம். அதனால் "குரௌலியையே சாய்த்தவள்" என்று வீடியோவில் வரும்போது இந்த முப்பதாயிரத்தையும் ஞாபகத்தில் வையுங்கள், ஒரு தொகுதியில் வீடு வீடாகப் போய்ச் செய்ததை ஐம்பது மாநிலத்தில் செய்வது வேறு வேலை.

கட்சிக்காரர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. 2024 டிசம்பரில் சபையின் மேற்பார்வைக் குழுவில் கட்சியின் முதலிடத்துக்குப் போட்டியிட்டு, 74 வயது ஜெரி கொனொலியிடம் 131க்கு 84 என்று தோற்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், ஆனால் அதே வாய் கூட வேலை செய்பவனைத் தூரத்தில் நிற்க வைக்கும். முன்தேர்தலில் அந்த 131 பேருக்கும் ஆளுக்கொரு வாக்குத்தானே என்கிறான் மச்சான். அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன்.

முன்தேர்தலில் எதைப் பார்ப்பது? முதல் மாநிலத்தின் சத்தத்தைப் பார்க்காதீர்கள். விவேக் ராமசாமி ஞாபகம் இருக்கிறதா, ட்ரம்பின் கட்சிக்காரர், வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பம், 38 வயது, விவாத மேடையில் எல்லாரையும் கிழித்தார், நம் குரூப் எல்லாவற்றிலும் அவர் வீடியோதான். 2024 ஜனவரி 15ல் ஐயோவாவில் முதல் வாக்கு எண்ணினார்கள், நாலாம் இடம், சுமார் 8 சதவீதம், அன்று இரவே விலகிவிட்டார். அவருக்கு நாலு வருடம் முன்னால் பீட் புட்டிஜெஜ், ஒரு சின்ன நகரத்தின் மேயராக இருந்தவர், ஜனநாயகக் கட்சி, அவருக்கும் அப்போது 38. இவர் ஐயோவாவில் முன்னுக்கே வந்தார். அடுத்தடுத்து 2020 பெப்ரவரி 29ல் தென் கரோலினா வந்தது. ஜனநாயகக் கட்சியில் அங்கே பாதிக்கு மேல் கறுப்பின வாக்கு. அதுவரை ஐயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று கிடந்த பைடன் ஒரே இரவில் எழுந்து உட்கார்ந்தார், மறுநாள் புட்டிஜெஜ் வீட்டுக்குப் போனார். ஆகவே ஏஓசி வகை ஆளுக்கு என்னுடைய கேள்வி ஒன்றுதான்: தெற்கே தேவாலயத்துக்குப் போகிற அறுபது வயது கறுப்பினத்து அம்மா இவருக்கு வாக்களிப்பாரா? டிக்டொக்கில் அந்த அம்மாவைக் காட்டமாட்டார்கள்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், ஆனால் சட்டி யாருடையது என்று பாருங்கள். 2025ன் முதல் மூன்று மாதத்தில் ஏஓசி சேர்த்தது சுமார் 96 இலட்சம் டொலர், சராசரியாக ஒருவர் கொடுத்தது 21 டொலர்தான். சங்கத்துக்குச் சந்தா பிடிக்கிற மாதிரி, ஒருவர் விலகினால் வலிக்காது. இதில் அவர் பலசாலி.

இனி மூன்றாவது கட்டம். நான் கொத்து ரொட்டியில் தோற்ற இடம். நம் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க ஒரே தொகுதி, நானுஓயாவில் போட்ட வாக்கும் மாத்தறையில் போட்ட வாக்கும் ஒரே குவியலில் விழும். அங்கே அப்படி எண்ணுவதில்லை, மாநிலம் மாநிலமாகத்தான் எண்ணுவார்கள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கு எட்டும் போய்விடும், மற்றவருக்குப் போட்ட நீங்கள் தோட்டத்தில் சொல்கிற மாதிரி அரைப்பேர்கூட (அரைநாள் சம்பளம்கூட) இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படி மொத்தம் 538 புள்ளி, 270 எடுத்தால் ஜனாதிபதி. மேய்ன், நெப்ராஸ்கா இரண்டும் மட்டும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும், அதை விடுங்கள். 2016ல் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 29 இலட்சம் வாக்கு கூடுதலாக வாங்கியும் தோற்றது இதனால்தான்.

அதனால் கலிபோர்னியாவின் 54ஐயும் நியூயோர்க்கின் 28ஐயும் ஏஓசியின் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டாதீர்கள், அவை எந்த ஜனநாயகக் கட்சிக்காரர் நின்றாலும் வருகிறவை. ஒரு காகிதத்தில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு மாநிலத்தின் பெயரையும் புள்ளியையும் எழுதுங்கள்: பென்சில்வேனியா 19, ஜோர்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கொன்சின் 10, நெவாடா 6. கூட்டினால் 93. 2024ல் ஏழையும் ட்ரம்ப் அள்ளிக்கொண்டார். யாராவது ஒரு இளசைக் காட்டி "இவர் வருவார்" என்றால், இந்த ஏழில் எதை, போன தடவை ட்ரம்புக்குப் போட்ட எந்த ஆளின் கையிலிருந்து எடுப்பார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பேச்சு முடிந்தது.

இந்த இடத்தில் மச்சானுக்கு ஒரு நல்ல சீட்டு இருக்கிறது, அவன் அதை இன்னும் இறக்கவில்லை. 2024ல் ஏஓசியின் சொந்தத் தொகுதியிலேயே மேலே ட்ரம்புக்கும் கீழே இவருக்கும் போட்டவர்கள் இருந்தார்கள். ஏன் அப்படி என்று அவரே இன்ஸ்டகிராமில் வெளிப்படையாகக் கேட்டார், ஆட்களும் காரணம் சொன்னார்கள், இரண்டு பேரும் உழைக்கிறவனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிற மாதிரி. அந்த வகை ஆள் பென்சில்வேனியாவிலும் இருந்தால் கணக்கு மாறும். இல்லையென்றால் மாறாது.

பழைய ரெக்கோட்டையும் ஒரு தடவை பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் இருந்துகொண்டே நேராக ஜனாதிபதியானவர் ஒரே ஒருவர், 1880ல் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். ஒபாமா செனட்டுக்கு (அங்கத்தைய மேல்சபை) வந்தது 2005 ஜனவரி, ஜனாதிபதியானது 2009 ஜனவரி, அப்போது 47 வயது. வென்று வந்தவர்களில் மிக இளையவர் கென்னடி, 43. ஏஓசி 2029 ஜனவரியில் பதவியேற்றால் 39தான். சக் ஷூமரின் செனட் ஆசனமும் அதே 2028ல் தேர்தலுக்கு வருகிறது, நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பேன், ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள். பெண் என்பதையும் சேருங்கள், அமெரிக்காவில் இரண்டு பேர் கடைசிப் படிவரை வந்து விழுந்தார்கள். நாம் சிரிக்கலாம், 1960லேயே சிறிமாவோவைப் பிரதமராக்கிய நாடு. அந்த அம்மா 1964ல் நம்மை இந்தியாவுக்கு இத்தனை, இங்கே இத்தனை என்று பங்கு பிரித்தார் என்பது வேறு கதை. ஆனால் ஒரு மலையில் கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்கள், அந்தத் தோட்டத்தில் சங்கத் தலைவியாக எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுச் சிரிக்க வேண்டும்.

அப்புறம் தேர்தல் நாள். 2028 நவம்பர் 7, செவ்வாய். நமக்கு விஷயம் தொடங்குவது மறுநாள் புதன் காலையில். ஜோர்ஜியாவில் வாக்களிப்பு முடியும்போது இங்கே விடிய ஐந்தரை, பென்சில்வேனியா ஆறரை, அதாவது பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் இடம்) போகிறவர்கள் கிளம்பும் நேரம், அரிசோனாவும் விஸ்கொன்சினும் ஏழரை. இடையில் டெக்சாஸ், பிறகு கலிபோர்னியா என்று பெரிய பெரிய எண்ணாகத் திரையில் ஏறும், அதைப் பார்த்துக் குரூப்பில் எதுவும் போடாதீர்கள். ஏழு பெயர் எழுதிய காகிதத்தை மட்டும் பாருங்கள்.

மச்சானிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவர் போட்டியிடட்டும், பிறகு தென் கரோலினாவில் எண்ணி முடிக்கட்டும், அதற்குப் பிறகு கை கொடுக்கலாம். அதுவும் இந்தத் தடவை நாலு பேருக்கு, முட்டைக் கொத்து மட்டும், கோழி கிடையாது.