துப்பாக்கியைப் பார்சலில் அனுப்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வருடம் சுடப் பழகுவார்கள். அடுத்த வருடம் அந்த முதல் ரைஃபிளை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கப் பார்ப்பார்கள். அப்போதுதான் என்னிடம் வருகிறார்கள்: "அண்ணா, வாங்குகிறவர் ஒஹையோவில் இருக்கிறார், எப்படி அனுப்புவது?" பழைய போட்டி ரைஃபிள்களை வாங்கி விற்பது எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. பாதிப் பேர் அனுப்பிவிட்டுத்தான் வந்து நிற்கிறார்கள், எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகளோடு.

தோட்டாவை எடுத்துவிட்டு அனுப்புங்கள், பெட்டியை நன்றாக ஒட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் துப்பாக்கியையே தொடக்கூடாது. நான் தனியாள் என்று சொல்வது டீலர் லைசென்ஸ், அதாவது எஃப்எஃப்எல், இல்லாதவரை. சொல்வதெல்லாம் ஃபெடரல் சட்டம். உங்கள் மாநிலச் சட்டம் அதற்கு மேல் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு நேராக அனுப்புவது

1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் வசிக்கும் லைசென்ஸ் இல்லாதவருக்குத் துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ கூடாது. அவருடைய மாநிலத்தில் உள்ள டீலருக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே அவர் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கிக்கொள்வார். தெரிந்தே மீறினால் 5 வருடம் வரை சிறை.

"என் சொந்தத் தம்பிதானே" என்று கேட்காதவரே இல்லை. தம்பிக்கும் விலக்கு இல்லை, மகனுக்கும் இல்லை. இறந்தவரின் உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வருவதற்கு விலக்கு உண்டு.

உறவுக்காக வாங்கிக் கொடுப்பதில் இன்னொரு குழி இருக்கிறது. அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் வர்ஜீனியாவில் கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். பென்சில்வேனியாவில் இருந்த மாமா அதற்காக 400 டாலர் காசோலை கொடுத்திருந்தார். எதற்கு என்ற இடத்தில் துப்பாக்கியின் பெயரையே எழுதியும் வைத்திருந்தார். பிறகு அங்கே ஒரு டீலர் வழியாகத்தான் கைமாறியது, மாமா பின்னணிச் சோதனையிலும் தேறினார். ஆனாலும் வாங்கும்போது படிவத்தில் "எனக்காக வாங்குகிறேன்" என்று குறித்தது பொய் என்று தண்டனை. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் பணத்தில் வாங்கிப் பரிசாகக் கொடுப்பது வேறு. அவர் பணத்தில் உங்கள் பெயரில் வாங்குவது வேறு.

கவுன்டரில் "மெஷின் பார்ட்ஸ்" என்று சொல்வது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இதைச் செய்கிறவர் முட்டாளும் இல்லை, சட்டத்தைப் பாதி மட்டும் படித்தவர்.

சட்டத்தில் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. லைசென்ஸ் இல்லாத ஒருவர் பெயருக்கு (பின்னால் சொல்லும், தனக்குத்தானே அனுப்புவது போல) மாநிலம் தாண்டித் துப்பாக்கி போகிறது என்றால் கூரியரிடம் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. உள்ளே துப்பாக்கி இருப்பதைக் காட்டும் லேபிளைப் பெட்டியின் வெளியே ஒட்டச் சொல்லிக் கூரியர் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது இன்னொன்று. நம் ஆட்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். "வெளியே எழுத வேண்டாம்" என்பது வாய்க்கு வாய் மாறி "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றாகி, கடைசியில் "கேட்டால் மெஷின் பார்ட்ஸ் என்று சொல்" என்ற யோசனையாக வந்து நிற்கிறது. பெட்டி ஊமையாக இருக்கலாம், அனுப்புகிறவர் இருக்கக்கூடாது.

"நான் டீலருக்குத்தானே அனுப்புகிறேன், எழுத்தில் சொல்லும் விதி எனக்கு இல்லையே" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சரி, அந்தப் பிரிவு டீலருக்குப் போகும் பார்சலைத் தொடாது. கூரியருக்குச் சொந்த விதி இருக்கிறதே! யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் இப்போது லைசென்ஸ் உள்ளவரிடமிருந்து, அதிலும் தங்களோடு ஒப்பந்தம் போட்டவரிடமிருந்து மட்டுமே துப்பாக்கியை எடுத்துக்கொள்கின்றன. முன்பு தனியாளும் கொடுக்க முடிந்தது. பழைய ஆட்கள் தருகிற யோசனை பெரும்பாலும் அந்தக் காலத்துடையது. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்ததும் பொய் நாக்கில் வந்துவிடுகிறது.

எங்கள் கிளப்பில் ஒருவர், எல்லாவற்றிலும் ஒழுங்கான மனிதர், 1,800 டாலருக்கு ஒரு ரைஃபிளை விற்றார். டீலருக்குத்தான் அனுப்பினார், லைசென்ஸ் நகலும் வாங்கி வைத்திருந்தார். கூரியர் கவுன்டரில் மட்டும் "சைக்கிள் பாகங்கள்" என்று எழுதி, முழு மதிப்புக்கு இன்ஷூரன்ஸும் கட்டினார். டிராக்கிங் ஒரு கிடங்கு வரை காட்டியது, அப்புறம் நகரவே இல்லை. கிளெய்ம் படிவத்தில் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டிருந்தார்கள், பில்லும் கேட்டார்கள். ரைஃபிள் என்று எழுதினால் விதியை மீறியதைத் தானே ஒப்புக்கொண்டதாகும், பணம் கிடைக்காது. சைக்கிள் பாகம் என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் மோசடி. அந்தப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளப்பில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். யாரால் என்ன சொல்ல முடியும்? வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பணம் போனதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அந்த ரைஃபிள் இப்போது யார் கையிலோ இருக்கிறது. நாளை ஒரு குற்றம் நடந்த இடத்தில் அகப்பட்டால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) மையத்துக்கு அதன் சீரியல் எண் போகும். அங்கிருந்து தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, கடை என்று வரிசையாக விசாரித்து, கடையில் முதலில் வாங்கியவரின் பெயரில் வந்து நிற்பார்கள். அந்தப் பெயர் இவருடையது. போலீசில் புகார் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் விடாமல் சொன்ன பிறகு கொடுத்தார், சைக்கிள் பாகங்கள் என்று எழுதிய ரசீதையும் சேர்த்து.

இவ்வளவும் எதை மிச்சப்படுத்த? உள்ளூர் டீலர் கேட்கும் கட்டணத்தை. துப்பாக்கியை அவரிடம் கொடுத்தால் தன் பதிவேட்டில் ஏற்றி, தன் பெயரில் அனுப்புவார். வழியில் தொலைந்தால், அது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் போலீசுக்கும் தெரிவிப்பது அவர் கடமை.

ரைஃபிளும் ஷாட்கன்னும் என்றால் தபாலும் உண்டு. தனியாள் எந்த மாநில டீலருக்கும் அனுப்பலாம். கைத்துப்பாக்கி அப்படியில்லை. தனியாள் அதைத் தபாலில் போடுவதற்கு எதிரான சட்டம் 1927-லேயே வந்தது. அது செல்லுமா என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பெட்டியோடு தபால் நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள். தபால் துறையின் விதிநூலான பப்ளிகேஷன் 52 அன்றைய தேதியில் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

வாங்கும் டீலரிடம் பேசாமல் அனுப்புவது

எல்லா டீலரும் தனியாளிடமிருந்து வரும் பார்சலை எடுப்பதில்லை. முதலில் போன் செய்து கேளுங்கள். வாங்குகிறவர் அனுப்பிய லைசென்ஸ் நகலை மட்டும் நம்பாதீர்கள். போலி நகல்கள் சுற்றுகின்றன. ஏடிஎஃப் தளத்தில் ஈஸி செக் என்று ஒரு பக்கம் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்தையும் போட்டால் கடையின் பெயரும் முகவரியும் வரும். நகலில் இருக்கும் முகவரியும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெட்டிக்குள் உங்கள் அடையாள அட்டையின் நகல், வாங்குகிறவரின் பெயர், போன் எண் மூன்றும் இருக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று டீலர் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். காகிதம் இல்லாமல் வரும் ரைஃபிள் கடையின் பின்னறையில் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். வாங்கியவர் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்.

கட்டுவது பற்றி ஒன்றே ஒன்று. நீளப் பெட்டியில் குழல் முனைப் பக்கம் அழுத்தமான பஞ்சு வையுங்கள். பெட்டி செங்குத்தாக விழுந்தால் முனை அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு லேபிள் ஒட்டாமல் என்ன பயன்?

ரிசீவரை "வெறும் பாகம்" என்று நினைப்பது

ரிசீவர் என்பது குழலும் ட்ரிகரும் பொருந்தும் நடு உடல். சீரியல் எண் பதித்த ரிசீவர் தனியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அதுவே துப்பாக்கி. குழல், கட்டை, ட்ரிகர் எல்லாம் உள்நாட்டில் சாதாரணப் பார்சல்தான்.

தோட்டாவைக் கூடவே வைப்பது

வைக்காதீர்கள். தபாலில் தோட்டா போகவே போகாது.

தனக்குத்தானே அனுப்பும்போது பெயரை மாற்றி எழுதுவது

வேறு மாநிலத்துக்கு வேட்டைக்கோ போட்டிக்கோ போகிறவர் தன் துப்பாக்கியைத் தனக்கே அனுப்பிக்கொள்ளலாம். பெட்டியின் மேல் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அங்கே தங்கப்போகும் வீட்டுக்காரரின் பெயர் "மேற்பார்த்து" (c/o) என்ற இடத்தில் வர வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்வரை அவர் பெட்டியைப் பிரிக்கக்கூடாது. பெயரை மாற்றி எழுதினால் அது அவருக்குக் கொடுத்ததாகிவிடும்.

ரைஃபிள், ஷாட்கன் என்றால் இதற்கும் தபால் போதும். கைத்துப்பாக்கியை விமானத்தில் எடுத்துப் போவது எளிது: தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் கவுன்டரில் சொல்லி, செக்-இன் சாமானாகப் போட வேண்டும். நியூ ஜெர்சி வழியாக விமானம் மாறுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். 2005-ல் ரெவல் என்ற யூட்டாக்காரர் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியோடு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுன்டரில் ஒழுங்காகத் துப்பாக்கியைச் சொல்லப்போய், அந்த மாநிலச் சட்டப்படி கைதானார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கவில்லை.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்துகொண்டு அனுப்புவது

செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளில் வராவிட்டால் அனுப்புவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

இந்தியாவுக்கு

துப்பாக்கி வேண்டாம், குழலும் வேண்டாம். ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாமல் பாகம்கூடப் போகக்கூடாது.

ரிப்பேருக்குப் போனது டீலர் வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்று நினைப்பது

தேவையில்லை. தயாரித்த கம்பெனிக்கோ லைசென்ஸ் உள்ள மெக்கானிக்குக்கோ நீங்கள் அனுப்பியதை அவர்கள் உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்ப ஃபெடரல் சட்டம் இடம் கொடுக்கிறது. சரிசெய்ய முடியாமல் அதே வகையில் வேறொன்று தந்தாலும் அப்படியே. இது தெரியாமல் உள்ளூர் டீலருக்கு வீணாகக் கட்டணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கச் சொல்வார்கள், அதனால் பார்சல் வரும் நாளில் வீட்டில் இருங்கள்.